பனங்கட்டி சீனி இல்லை

காலைச் சாப்பாடு விற்கிறவனுக்கு எதிர்க்கடைக்காரன் எதிரி இல்லை. தன் கடைக்கு வருகிறவர்களின் நாக்குத்தான் எதிரி. மத்தியானத்தில் ஆட்கள் நல்ல பசியோடு வருவார்கள், எதைக் கொடுத்தாலும் இறங்கும். காலையில் அப்படியில்லை. பாதித் தூக்கம், பஸ் போய்விடும் என்ற பதற்றம், நேற்றுச் சாப்பிட்டதே இன்றைக்கும் வேண்டும் என்ற பிடிவாதம், மூன்றும் சேர்ந்து வரும். அந்த நேரத்தில் ஒருவருக்குப் புதுச் சாப்பாடு கொடுத்துப் பாருங்கள். கடை வைத்து நொந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசாப் பக்கம், எனக்கும் மனைவி ராணிக்கும் ஒரு சின்னக் கடை. வீட்டு வேலைக்கும் மாடிப்படி கழுவும் வேலைக்கும் போகிற எங்கள் சனம்தான் வாடிக்கை. விடியமுன்னரே திறந்துவிடுவோம். பிட்டு, இடியப்பம், தோசை, சம்பல், சொதி. ஒரு கட்டத்தில் கவனித்தேன், வருகிறவர்களில் பாதிப்பேர் சாப்பிட முன்னர் ஒரு குளிசை, சாப்பிட்ட பின்னர் ஒரு குளிசை போடுகிறார்கள். ஷெல்லடிக்குத் தப்பி வந்த சனம் சீனி வருத்தத்தில் விழுவதா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கோதுமை மாவை நிறுத்திவிட்டு இனி உடம்புக்கு நல்ல சாப்பாடுதான் என்று முடிவெடுத்தேன். என் முடிவுகள் பொதுவாகச் சரியாகவே இருக்கும். ராணியைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லுவாள், அதனால் கேட்பதில்லை.

கறுத்தப் பிட்டு

முதல் நாள் குரக்கன் பிட்டு வைத்தோம், கேழ்வரகு மாவில் ஊரில் வருத்தக்காரருக்கு அவிக்கிற பிட்டு. முதலில் வந்தவர் கந்தையா அண்ணை. பிரான்காச்சோவில் குடியிருக்கிறார், எங்கள் பக்கத்து மாடிக் கட்டடங்களில் படி கழுவுகிறார். முதல் பஸ்ஸில் வந்து என் கடையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வாளியைத் தூக்குவார். வாய் கொஞ்சம் நீளம், மனம் பவுண்.

கோப்பையைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் பிட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுப்படியில் நின்ற ராணியை எட்டிப் பார்த்தார். ஒரு வாய்கூட வைக்கவில்லை. குரக்கனில் என்னென்ன இருக்கிறது என்று நான் படித்து வைத்திருந்த எல்லாவற்றையும் அவருக்கு எடுத்துச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு விசாரித்தார்.

"அதெல்லாம் சரி தம்பி, இப்ப வீட்டிலை ஆருக்குச் சுகமில்லை?"

தேவி அக்காவின் முழங்கால்

தேவி அக்கா வன்னிக்காரர். சண்டை முடிந்த பிறகு வந்தவர். சீசாவில் ஒரு அறை எடுத்திருக்கிறார். வேலை ஒரேத்தோவில், பீனா என்ற வயதான இத்தாலிய அம்மாவை, இங்கே சொல்வதுபோல் சிஞ்ஞோராவை, பார்த்துக்கொள்வது. வீடு நாலாம் மாடி, லிப்ட் கிடையாது. அக்காவின் முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. ஒப்பரேசன் செய்து மாற்றலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் ரத்தத்தில் இவ்வளவு சீனி இருந்தால் கத்தி வைக்க மாட்டேன், புண் ஆறாது, முதலில் அதைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

காலைத் திருத்தாவிட்டால் படி ஏற முடியாது. படி ஏறாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் பெர்மெசோ புதுப்பிக்க முடியாது, அந்த அட்டை இல்லாமல் இந்த நாட்டில் இருக்கவும் முடியாது. சிஞ்ஞோராவின் மகள் வேறு, அம்மாவுக்கு இனிக் கொஞ்சம் இளம் ஆளாகப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று ஜாடையாகச் சொல்லியிருந்தாள். இதெல்லாவற்றையும் தேவி அக்கா பிட்டைக் கிளறிக்கொண்டே சொல்லி முடித்தார். முகத்தில் பயம் தெரிந்தது.

காலைச் சாப்பாட்டை என்னிடம் விடுங்கள், அது என் பொறுப்பு என்றேன். கொண்டைக்கடலை, முளைகட்டின பயறு, கீரைத் தோசை, முட்டை, இலைக்கஞ்சி என்று அடுக்கிக்கொண்டே போனேன். கஞ்சி என்றதும் அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். சண்டையின் கடைசி மாதங்களில் வன்னியில் கஞ்சி ஒன்றுதான் சாப்பாடு. நானும் அதே வழியாக வந்தவன்தான், அவர் சொல்லி முடிக்க முன்னரே எனக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கே கஞ்சியைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டேன்.

"எதைத் தந்தாலும் சாப்பிடுறன் தம்பி. கஞ்சி மட்டும் வேண்டாம், அது நான் குடிச்சு முடிச்சிட்டன்."

நல்லதுக்கு அளவில்லை

தேவி அக்கா சாப்பிடுகிறார் என்று கண்டதும் மற்றவர்களும் குரக்கனுக்கு வந்தார்கள். ஒரு கிழமைக்குள் வெள்ளைப் பிட்டைக் கேட்க ஆளில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் ஒவ்வொரு மேசையாகப் பார்த்தேன்.

முன்பு ஒரு கோப்பை பிட்டுச் சாப்பிட்டவர்கள் இப்போது இரண்டு கோப்பை சாப்பிட்டார்கள். அதோடு எங்கள் வழக்கப்படி நன்றாகப் பழுத்த வாழைப்பழம் இரண்டை உரித்துப் போட்டு, மேலே சீனியைத் தூவி, குழைத்து அடித்தார்கள். நானும் அப்படித்தான் வளர்ந்தவன் என்பதால் பார்க்கப் பார்க்க வாய் ஊறியது; அது வேறு விஷயம். இது மருந்து மாதிரி, ஒரு அளவோடு சாப்பிட வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். கந்தையா அண்ணை விரலைச் சூப்பிவிட்டுப் பதில் தந்தார்.

"கூடாத சாப்பாட்டையே அளக்காமல் திண்டனாங்கள், நல்ல சாப்பாட்டை ஏன் தம்பி அளப்பான்?"

எதிர்ப்பக்கத்துப் பார்

ரோட்டுக்கு அந்தப் பக்கம் தோத்தோவின் பார். காலையில் கோப்பியும், உள்ளே கிறீம் வைத்த கொர்நெத்தோ பணிசும், வெயில் காலத்தில் பணிசோடு கிரனித்தா ஐஸும் விற்பான். எங்களுக்குள் சண்டை சச்சரவு கிடையாது. அவனுக்கு முட்டை முடிந்தால் என்னிடம் வருவான், என் காஸ் முடிந்தால் நான் அவனிடம் போவேன்.

பழத்தையும் குறைத்து, பிட்டுக்குப் பாதியளவு கடலையும் கீரையும் என்று நான் சட்டம் போட்ட பிறகு, தோத்தோ ஒருநாள் சிரித்துக்கொண்டு வந்தான். கையில் எனக்கென்று ஒரு கோப்பி. என்ன விசேஷம் என்று கேட்டேன். வெளியே கூட்டிக்கொண்டு போய் அவன் கடைக் கண்ணாடியைக் காட்டினான். உள்ளே என்னுடைய வாடிக்கைக்காரர் மூன்று பேர், என் கடையில் கடலை சாப்பிட்ட கையோடு, கொர்நெத்தோவைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். தேவி அக்கா அதில் இல்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். தோத்தோ என் தோளில் கை போட்டான்.

"குணா, உன் சாப்பாடு உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் வியாபாரத்துக்கு அதைவிட நல்லது."

சீனிப்பேணி

கடைசியில் மேசைகளில் இருந்த சீனிப்பேணிகளையும் தூக்கிவிட்டேன். அன்றைக்குக் கடையில் நடந்தது ஒரு கலவரம். தேத்தண்ணியைக் கசக்கக் கசக்கக் குடித்துவிட்டு ஒருவர் என்னைத் துரோகி என்றார். தேவி அக்கா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

அந்த நேரம் பார்த்துக் கந்தையா அண்ணை ஊருக்குப் போய் வந்தார். வரும்போது கடைக்கென்று பனங்கட்டி கொண்டுவந்தார், பதநீரைக் காய்ச்சி, குட்டான் என்ற சின்ன ஓலைப்பெட்டியில் வார்த்த அசல் சாமான். ஒரு கடி பனங்கட்டி, ஒரு மிடறு வெறுந்தேத்தண்ணி. கடை முழுவதும் முகம் மலர்ந்தது. எனக்கும் பெரிய நிம்மதி. மரத்தில் இருந்து வருவது, உடம்புக்குக் குளிர்ச்சி, இரும்புச்சத்து என்று நானே மேசை மேசையாக விளக்கம் கொடுத்தேன். தேவி அக்கா கொஞ்சம் தயங்கினார். சீனியைத் தொடுவதில்லை என்று அவர் பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தார். அவருடைய தயக்கத்தைத் தீர்த்துவைத்தவர் கந்தையா அண்ணைதான்.

"பயப்பிடாமல் கடியும் பிள்ளை, பனங்கட்டி சீனி இல்லை."

முதல் முடிவு

மூன்று மாதச் சீனியைச் சேர்த்துக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதற்குத் தேவி அக்கா போன நாள் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. வெற்றிச் செய்திக்காகக் காத்திருந்தேன். அவர் வந்து வாசலிலேயே நின்றார். சீனி இறங்கவில்லை. டொக்டர் இன்னொரு மூன்று மாதம் தவணை கொடுத்திருக்கிறார். சிஞ்ஞோராவின் மகளும் அதுவரைதான் பார்ப்பேன் என்று இப்போது நேராகவே சொல்லிவிட்டாள்.

எங்கே பிழை என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மத்தியானம் என்ன, இரவு என்ன, குளிசை போட்டீர்களா, கோவிலில் மோதகம் சாப்பிட்டீர்களா? எல்லாவற்றுக்கும் சரியான பதில் இருந்தது. அக்கா பொய் சொல்கிற ஆளும் இல்லை. நாங்கள் கதைத்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறீர்கள்? மனக்கவலைக்கு ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பக்கத்தில்தான் நான் நின்றேன். கடைசியில் கண் கலங்கிப்போய் ஒன்று சொன்னார், அது எனக்கு நாள் முழுக்கச் சுட்டது.

"தம்பி, உம்மடை சாப்பாட்டை நம்பினதுதான் என்ரை பிழையோ எண்டு யோசிக்கிறன்."

சிஞ்ஞோரா பீனாவின் மருந்து

சிஞ்ஞோரா பீனாவுக்கும் சீனி வருத்தம். தேவி அக்காதான் தினமும் அவருடைய விரலில் குத்தி மெசினில் பார்ப்பவர். அக்கா பத்து மணிக்குத் தேத்தண்ணியோடு எதையோ கடிப்பதைச் சிஞ்ஞோரா கண்டுவிட்டு, தனக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊர்ச் சாமான், மருந்து மாதிரி, சீனி இல்லை என்று சொல்லி அக்கா நல்ல துண்டாக ஒன்று கொடுத்திருக்கிறார். அடுத்த நாளும் கேட்டார், அடுத்த நாளும் கொடுத்தார்.

மத்தியானம் குத்திப் பார்த்தால் மெசின் வழமைக்கு மாறாக எகிறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து மெசினைத் தட்டிப் பழைய கணக்குகளைப் பார்த்தாள், அம்மாவுக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டாள். அக்கா வாயைத் திறக்க முன்னர் சிஞ்ஞோரா முந்திக்கொண்டார். கீழ்வீட்டுக்காரி கன்னோலிப் பலகாரம் கொண்டுவந்து தந்தாளாம், ஆசை விடவில்லையாம், தேவி காணாத நேரம் தின்றுவிட்டாராம். மகள் அரை மணி நேரம் அம்மாவை ஏசிவிட்டுப் போனாள். கதவு சாத்துப்பட்டதும் கிழவி தேவி அக்காவைக் கிட்டக் கூப்பிட்டார்.

"மகளே, உன் மருந்து நல்ல ருசி. ருசியாக இருக்கிற மருந்தை மட்டும் நம்பாதே."

கந்தையா அண்ணையின் விரல்

தேவி அக்கா அந்த மெசினைச் சிஞ்ஞோராவிடம் இரவல் கேட்டு, புது ஊசிகளோடு, அடுத்த நாள் விடிய நேரே கடைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் கடை இரண்டாகப் பிரிந்தது. பனங்கட்டியைச் சீனி என்று சொல்வது பெற்ற தாயைப் பழிப்பது மாதிரி என்று ஒரு கட்சி. பார்த்துவிடுவோம் என்று மற்றக் கட்சி. நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன், ஏனென்றால் அந்தச் சாமானுக்கு இரும்புச்சத்துச் சான்றிதழ் கொடுத்தவன் நான்.

கந்தையா அண்ணை ஒரு வழக்கறிஞர் மாதிரி எழுந்து தன் விரலைத் தந்தார். அவருக்கும் குளிசை உண்டு. விடியப்புறம், வெறும் வயிறு. அக்கா குத்திப் பார்த்து இலக்கத்தைச் சத்தமாக வாசித்தார். அண்ணை ஒரு குட்டானைப் பாதியாக்கி, தேத்தண்ணியோடு, அவசரப்படாமல், மிகவும் அனுபவித்துச் சாப்பிட்டார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். இரண்டு பேர் பஸ்ஸைக்கூட விட்டுவிட்டார்கள். திரும்பக் குத்தினார். இலக்கத்தைப் பார்த்த அக்கா அதை வாசிக்கவில்லை, மெசினைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். நான் குட்டான்களை எல்லாம் அள்ளி ராணியிடம் கொடுத்து, கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொன்னேன். கந்தையா அண்ணை விரலைப் பஞ்சால் அமத்திக்கொண்டு தன் தீர்ப்பைச் சொன்னார்.

"மெசின் இத்தாலிக்காரன்ரை. அதுக்குப் பனங்கட்டியைப் பற்றி என்ன தெரியும்?"

ராணி போன மாதங்கள்

அடுத்த மூன்று மாதம் தேவி அக்கா தேத்தண்ணியை வெறுமையாகக் குடித்தார். கடலை, கீரை, முட்டை, ஒரு அகப்பை குரக்கன் பிட்டு, அவ்வளவுதான். மெசின் ஒன்று தனக்கென்று வாங்கி, வேலைக்குப் போகமுன்னர் குத்திப் பார்த்து எனக்கும் சொல்லுவார். இந்த முறை முடிவு வந்தபோது வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்து அழுதார். ஒப்பரேசனுக்குத் திகதி கொடுத்துவிட்டார்கள்.

இனி இன்னொரு சிக்கல். கால் ஆறும்வரை சிஞ்ஞோராவை யார் பார்ப்பது? எங்களுக்குள் இது ஒரு பழைய கதை. ஊருக்குப் போகும்போது வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டுப் போவோம். திரும்பி வந்தால் வேலை தெரிந்தவருடையதாகிவிடும். சொந்தத் தங்கையிடமே இப்படி வேலையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். தேவி அக்கா இரண்டு நாள் யோசித்து ராணியைக் கேட்டார். கடை உள்ளவள், என் வேலையில் ஆசைப்பட மாட்டாள் என்று காரணமும் சொன்னார். ராணி என் முகத்தைப் பார்க்காமலேயே ஓம் என்றாள்.

அதனால் அடுப்படி என் கைக்கு வந்தது. எனக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். முதல் நாள் பிட்டு கல்லாகவும் இரண்டாம் நாள் களியாகவும் வந்தது. ராணி கெதியாக அடுப்படிக்குத் திரும்ப வேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டவர்கள்கூட உண்டு. கந்தையா அண்ணை ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். பிறகு ஒருநாள், தன் சீனி நன்றாக இறங்கிவிட்டதாக டொக்டர் மெச்சினார் என்று வந்து சொன்னார். எனக்கு ஒரே பெருமை. எப்படி அண்ணை என்று கேட்டேன்.

"உம்மடை பிட்டைக் கண்டால் எனக்குச் சாப்பிட மனமே வருகுதில்லை தம்பி."

நாலாம் மாடி

ஒப்பரேசன் நன்றாக முடிந்தது. புண் ஆறியது. வெயில் ஏறத் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை தேவி அக்கா திரும்ப வேலைக்குப் போனார். முதல் நாள் என்பதால், கடையை ராணியிடம் விட்டுவிட்டு, சிஞ்ஞோராவுக்கென்று அவித்த கடலையையும் கீரைத் தோசையையும் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். பஸ்ஸில் அக்கா சிஞ்ஞோரா வீட்டுக் கதவுத் திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டே வந்தார். அவருக்கு இப்போது முழங்காலைப் பற்றிப் பயமில்லை. இத்தனை நாளில் கிழவிக்கு ராணியின் கை பிடித்துப்போயிருந்தால், மகளும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டால் என்ற பயம்தான். ராணி அப்படிச் செய்ய மாட்டாள் என்று எனக்குத் தெரியும். சிஞ்ஞோராவைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

கட்டட வாசலில் அக்கா கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறத் தொடங்கினார். முதலாம் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். மேலே போய்க் கதவைத் தட்டினார். பூட்டைத் தானே திறக்கலாம், திறப்பு அவர் கையிலேயே இருந்தது, ஆனாலும் தட்டினார். உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. யார் என்று சிஞ்ஞோரா கேட்டார். தேவி என்றார் அக்கா. பிறகு கதவுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து கிழவியின் குரல் அதட்டலாக வந்தது.

"பொய் சொல்லாதே. என் தேவி மூன்றாம் மாடியில் நின்று, மடோன்னா மாதாவையும் தன் ஊர்ச் சாமியையும் கூப்பிட்டுவிட்டுத்தான் மேலே வருவாள். நான் அவளுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன்."

அக்கா கதவில் நெற்றியை வைத்துச் சிரித்துச் சிரித்து அழுதார். உடம்புக்கு நல்ல காலைச் சாப்பாட்டுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேறு யாரும் தர முடியாது என்று சொல்ல எனக்கும் வாய் துடித்தது, ஆனால் அதைச் சொல்ல வேண்டிய கடைக்காரன் அப்போது கடலைப் பாத்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடிப் படியில் குந்தியிருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.